பெரியம்மாவின் கைப்பிடி

வாய் மூடிய இரும்பு எதுவும் உலைக்குள் போகக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி எதில் போய்க் கேட்டாலும், முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரிந்திருக்கும். இரண்டு முனையும் அடைத்த குழாய், காலி சிலிண்டர், சைக்கிள் பம்பு, எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே ஒரு வாய்த் தண்ணீர் தங்கியிருந்து, அது கொதிக்கிற இரும்புக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால், அதற்கப்புறம் அது இரும்பு இல்லை, வெடிகுண்டு. உலை மேடையில் நிற்கிறவன் தலைமேல் உருகிய இரும்பு மழையாகக் கொட்டும். பக்கத்துத் தெருக் கம்பெனி ஒன்றில் அப்படிக் கொட்டியிருக்கிறது. அதைப் பற்றி டீக்கடையில்கூட யாரும் வாய் திறப்பதில்லை.

அப்படி எதுவும் போய்விடாமல் பார்ப்பதுதான் பாக்கியராஜின் வேலை. லாரி கொட்டிவிட்டுப் போகிற இரும்பை அவரும் கூட வேலை பார்க்கிற பூவம்மாளும் கொக்கியால் கிளறுவார்கள். மூடிக்கிடப்பதை எல்லாம் கத்தரி மெஷினுக்கு அனுப்புவார்கள். அது வாய் பிளந்து திரும்பி வந்த பிறகுதான், பார்த்து முடித்த குவியலில் சேரும். குவியல் சேர்ந்ததும் பாக்கியராஜ் ஒரு வாளிச் சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்து மேலே விசிறுவார். மேலே பட்ட ஈரம் மேடை அனலிலேயே காய்ந்துவிடும், வெள்ளை மட்டும் நிற்கும். வெள்ளை விழுந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் கேள்வி கிடையாது.

மேடையில் நின்று உலைக்குள் இரும்பைத் தள்ளுகிற ராபின் வேறு யாருமில்லை, பாக்கியராஜின் மகள் ஜெனிபரைக் கட்டியவன். வள்ளூர் பவர் பிளாண்டில் கான்ட்ராக்டில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தவனை, "சாம்பல் தின்னது போதும் மாப்ள, எங்க கம்பெனிக்கு வந்துடுங்க" என்று இங்கே இழுத்து வந்தவரே இவர்தான். ராபின் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான்: "மாமா சுண்ணாம்பு இருந்தா நான் கண்ண மூடிக்கினு தள்ளுவேன்."

மேடைக்குப் போன் எடுத்துப் போகக் கூடாது என்பதால், தினமும் காலையில் தன் போனை மாமனாரின் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவான். ஜெனிபர் மத்தியானம் கூப்பிட்டால் இவர் எடுத்து, "கீறாரும்மா, சாப்ட்டாரு" என்று சொல்லி வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

இவ்வளவு பொறுப்பான மனுஷன் செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். வேலியே பயிரை மேய்ந்தது.

அன்று காலை வந்தது குஜராத் கடற்கரைச் சரக்கு. அங்கே பழைய கப்பல்களை மணலில் ஏற்றி உடைக்கிறார்கள். பெரிய தகடுகள் அந்தப் பக்கத்து ஆலைகளுக்கே போய்விடும். இங்கே வந்து சேருவது மிச்சம் மீதி: ஏணி, கதவுச் சட்டம், கட்டில் கால், குழாய். பாக்கியராஜ் வழக்கம்போலக் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். லேசாக வளைந்த கைப்பிடிக் குழாய் ஒன்று கையில் வந்தது. ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். உடைத்தவர்கள் வெட்டிய வேகத்தில் இரண்டு முனையும் நசுங்கி ஒட்டிப்போயிருந்தது. கத்தரிப் பக்கம் வீசப் போனவர், கையுறைக் கிழிசலில் விரல் எதிலோ உரசவும் நின்றார். குழாயின் அடிப்பக்கம் வரிசையாக வெட்டுகள். அரத்தால் ராவிய வெட்டுகள்.

கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினார். நேராக ஒன்று, நேராக ஒன்று, நேராக ஒன்று. அப்புறம் சாய்வாக ஒன்று. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

"யேசப்பா!" என்றார் வாய்விட்டு. "நம்ம பெரியம்மா!"

பெரியம்மா என்பது ஒரு கப்பல். அதன் சலவைக்கூடத்தில் துணி வெளுத்தவர்கள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர் அது. பத்திரத்தில் அவளுக்கு வேறு வேறு பெயர்கள் இருந்தன. பிறந்தபோது வின்டர்போர்ன் ஸ்டார். கருப்பு உடம்பு, மஞ்சள் புகைபோக்கி. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்கிற குடும்பங்களைச் சட்டி பானையோடு ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். மேல்தட்டில் காசுள்ளவர்கள், கீழ்த்தட்டில் இல்லாதவர்கள், நடுவே பூட்டுப் போட்ட கதவுகள். கொஞ்ச காலத்தில் ஆகாய விமானம் வந்தது. ஒரே நாளில் போய் இறங்க வழி இருக்கும்போது, வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டே கடலைத் தாண்ட யாருக்குத் தலையெழுத்து? பெரியம்மாவின் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

கிரேக்க முதலாளி ஒருவன் அவளை வாங்கினான். வெள்ளையடித்தான். சரக்கு ஏற்றும் வயிற்றை அறுத்து அதில் அறைகள் கட்டினான், பின்தட்டில் நீச்சல் குளம் தோண்டினான், பூட்டிய கதவுகளைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். ஓஷன் லாரல் என்று புதுப் பெயர் வைத்தான். இப்போது ஏறியவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. ஏறின துறைமுகத்திலேயே வந்து இறங்குவதற்காக ஏறினார்கள். சும்மா தின்று, ஆடி, வெயில் காய்ந்துவிட்டுப் போனார்கள். "டப்பு கீறவன் சுத்திச் சுத்தி வந்து அதே எடத்துல எறங்குவான், இல்லாதவன் தான் எங்கனாப் போய்ச் சேரணும்" என்று பாக்கியராஜ் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. அவர் மீசை அரும்பின வயதில் பம்பாய் ஏஜென்ட் மூலம் சலவைக்கூடத்தில் சேர்ந்தது அந்த வெள்ளைக் காலத்தில்தான்.

மறுபடி கை மாறினாள். நீலப் பட்டை போட்டு மிஸ்ட்ரல் ஜாய் ஆனாள். டிக்கெட் மலிவானது, சோறும் மலிவானது. கப்பலுக்குள் மரப்பலகை அறைகள் கூடாது, தீப்பிடிக்கும் என்று கடல் சட்டம் மாறியது. அவளுக்குள் பாதிக்குமேல் மரம்தான். எங்கேயோ ஒரு கரையில் கட்டிப்போட்டு ஓட்டலாக வைத்திருக்கிறார்கள் என்று பாக்கியராஜ் கேள்விப்பட்டார். அதற்கு முன்பே அவர் முட்டி தேய்ந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

அந்தச் சலவைக்கூடத்து வாசலில் இருந்த கைப்பிடிதான் இது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்படுகிறவன் அரத்தை எடுத்து, கண்ணில் படாத அடிப்பக்கமாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவான். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கருப்புக் காலத்து வெட்டுகளும் அதில் இருந்தன. ஒரு வெட்டு என்றால் ஒருத்தன் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தான் என்று பொருள். எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் விரலுக்குத் தெரியும். மற்றவர்களின் வெட்டு நேராக விழும். பாக்கியராஜ் பீச்சாங்கைக்காரர், அவருடையது மட்டும் சாய்ந்து விழும்.

மனுஷன் குழாயைக் கீழே போட மனமில்லாமல் நின்றார். கத்தரிக்கு அனுப்பினால் அது நடுவில் கவ்வி நசுக்கும். வெட்டெல்லாம் போச்சு. சரி, கேட்டு வாங்கலாமா? உருக்குக்கூட மேஸ்திரி வெங்கடேசன் நல்லவன்தான், ஆரம்பாக்கத்துக்காரன், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் சட்டம் என்றால் சட்டம். பித்தளை மூடி ஒன்றை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு போனவனைக் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பியவன் அவன். காலை நேரத்து முறுக்கில் போய்க் கேட்டால் "மூடின பைப்பா? மொதல்ல கட் பண்ணு" என்பான். சாயங்காலம் ஆள் சிரித்துப் பேசுகிற நேரமாகப் பார்த்துக் கேட்கலாம். ஒத்துக்கொண்டால் ரம்பத்தால் முனையை மட்டும் மெதுவாக அறுத்துக்கொள்ளலாம். அதுவரை எங்கே வைப்பது?

இங்கேதான் சனியன் பிடித்தது. சுண்ணாம்பு போட்ட குவியலின் சுவர் மூலையில், அடியாழத்தில், அதைச் செருகினார். அங்கே ஏன் என்றால், பார்த்த குவியலை மறுபடி யாரும் கிளற மாட்டார்கள். கிரேன் லோகு எப்போதும் கேட் பக்கத்திலிருந்துதான் அள்ளிக்கொண்டு வருவான், சுவர் மூலைக்கு வர மறுநாள் ஆகிவிடும்.

பூவம்மாள் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா, அந்தப் பைப்பு கட்டிங் போவலயா?"

"போவும் போவும். நீ வேலயப் பாரு."

அதற்குள் எடைமேடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து பழைய டிராக்டர் சாமான் ஏற்றி வந்த லாரியில் ஏதோ தகராறு. பாக்கியராஜ் போனார். லாரி டிரைவர் தெலுங்கும் தமிழும் கலந்து கத்தினான், எடைமேடைக்காரன் பதிலுக்குக் கத்தினான், இருவரையும் ஒரு வழியாகச் சமாதானம் செய்து லாரியை உள்ளே விட்டார். தண்ணீர் குடித்தார். ஒரு டீ குடித்தார். மனம் குளிர்ந்திருந்தது. சாயங்காலம் குழாயை எடுத்துப் போய் ஜெனிபரிடம் காட்டி, இதுதான் என் வெட்டு என்று விரலைப் பிடித்து வைக்கப்போவதை நினைத்துக்கொண்டே நடந்தார்.

யார்டுக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த டிராக்டர் லாரி உள்ளே வந்த வேகத்தில் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, கேட் பக்கத்தை அடைத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் கிரேன் போக வழியில்லை. உலைக்கு இரும்பு வேண்டும். லோகு என்ன செய்வான் பாவம், சுவர்ப் பக்கத்திலிருந்து அள்ளியிருக்கிறான். மூலை வழித்துத் துடைத்த மாதிரி கிடந்தது. தரையில் சுண்ணாம்புத் தடம் மட்டும் இருந்தது.

"லோகு! இங்க இருந்தது எங்கடா?"

"மேடைக்குப் போயாச்சுண்ணா. ரெண்டு வாட்டி தூக்கிக் கொட்டினேன். ஏன், பாக்காதது எதுனா இருந்துச்சா?"

அந்த இடத்தில் "ஆமாண்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்னால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, கம்பெனி இரும்பை ஒளித்து வைத்தவன் என்ற பெயர் வரும். மாமனார் ஒளிப்பான், மருமகன் கடத்துவான் என்று ராபினையும் சேர்த்து வெளியே தள்ளுவார்கள். சத்தம் போடாமல் நாமே போய் எடுத்துவிட்டால்? குவியல் மேடையில்தானே கிடக்கும். ஓடு, ஓடிப் போய் எடுத்துவிடு.

தேய்ந்த முட்டியோடு மேடைப் படி ஏறினார். அனல் முகத்தில் அறைந்தது. உலையின் வாயில் பாதி உருகிய இரும்பு செக்கச்செவேல் என்று குழம்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதிதாகத் தள்ளிய துண்டுகள் இன்னும் மூழ்காமல் குவிந்து நின்றன. ராபினும் இன்னொருவனும் நீளக் கொக்கியால் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா! இன்னாத்துக்கு மேல வந்தீங்க? எறங்குங்க, எறங்குங்க. மூஞ்சி வெந்துடும்."

"ஒண்ணுமில்ல மாப்ள. அந்தக் குவியல்ல ஒண்ணு பாக்கணும்."

"உங்க சுண்ணாம்பு தான் கீதே, அப்பறம் இன்னா பாக்கணும்?" ராபின் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு கட்டில் காலைத் தள்ளினான். அது சரிந்து விழுந்து சிவப்பில் முட்டியது. பாக்கியராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

குவியலைப் பார்த்தார். எல்லாம் ஒரே புழுதி நிறம், எல்லாவற்றின் மேலும் அவருடைய சுண்ணாம்பு. இதில் எது அது? ஒருவேளை ஏற்கனவே தள்ளிவிட்டார்களோ? உலை வாயில் மூழ்காமல் நிற்கிற அந்தத் துண்டுகளுக்கு நடுவே இருக்கிறதோ? கீழே உருக உருக அது மெல்ல இறங்கும். இறங்கி உள்ளே போகிற நொடி வரை யாருக்கும் தெரியாது. ராபின் இன்னொன்றை இழுத்தான். இரும்பு இரும்பில் உரசுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் அந்தப் பக்கம் ஓடியது. பெரியம்மா யாரையும் கைவிட்டதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எத்தனை புயல் பார்த்தவள், ஒரு பிள்ளையைக்கூட மூழ்கடித்ததில்லை, அவள் கைப்பிடியா இவனைக் கொல்லும்? முட்டாள்தனமான பேச்சு. இரும்புக்கு என்ன உறவு தெரியும்? தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவன் இப்படித்தான் எதையாவது சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொள்வான்.

சட்டைப் பையில் ராபினின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஜெனி. அவர் எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அதிர ஆரம்பித்தது.

தலை நிமிர்ந்தபோது ராபினின் கொக்கியில் வளைந்த குழாய் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பெரியம்மாவின் நீலம். ராபின் அதை உலை வாய்க்குத் திருப்பினான்.

"டேய் ராபின்! தள்ளாதடா!"

மாப்பிள்ளையை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன். வாங்க போங்க தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த "டா"வைக் கேட்டுத்தான் ராபின் உறைந்து நின்றான். கொக்கியைக் கீழே தாழ்த்தினான். குழாய் உருண்டு பாக்கியராஜின் காலடிக்கு வந்தது. இரண்டு பக்கமும் வாய் திறந்த வெறும் குழாய். அது இல்லை.

ஆனால் வாய்விட்டுக் கத்தியாயிற்று. கீழே உலைக்குக் கரன்ட் விடுகிற பவர் அறையிலிருந்து வெங்கடேசன் வெளியே வந்துவிட்டான்.

"இன்னா நைனா? இன்னா சத்தம்?"

பாக்கியராஜ் அவனைப் பார்த்தார், ராபினைப் பார்த்தார்.

"பவரை நிறுத்துங்க சார். எல்லாரையும் எறக்குங்க. குவியல்ல ஒரு மூடின பைப்பு கீது. நான் தான் வெச்சேன். தெரிஞ்சே தான் வெச்சேன்."

வெங்கடேசனுக்கு மேலும் கேட்க நேரமில்லை. கையை வீசினான். உலையின் உறுமல் அடங்கியது. அவ்வளவு நேரம் அந்தச் சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் படியிறங்கி ஓடி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். ராபினும் நின்றான், மாமனாருக்குப் பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி.

"உள்ள போயிடுச்சா, வெளிய கீதா?" வெங்கடேசன் கேட்டான்.

"தெரியல சார்."

"தெரியலயா! ஒளிச்சு வெக்கத் தெரிஞ்சுது, இது தெரியலயா உனக்கு?"

உலைக்குள் ஏதோ சரிந்தது. எல்லார் தலையும் ஒன்றாகக் குனிந்தது. கொஞ்சம் பொறி பறந்து அடங்கியது. பூவம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு முனகினாள், "அப்பவே கேட்டனே, அப்பவே கேட்டனே." பாக்கியராஜுக்கு ஜெபம்கூட வரவில்லை. அவர் பையில் போன் இன்னொரு தரம் அதிர்ந்து ஓய்ந்தது. அது ராபினுக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான்.

உலை வாயில் நின்றவை எல்லாம் மெல்லக் கறுத்து இறுகுவது தெரிந்தது. வெங்கடேசன் லோகுவுக்குச் சைகை காட்டினான். கிரேனின் காந்தம் மேடைமேல் இறங்கி, மிச்சக் குவியலைக் கவ்விக்கொண்டு வந்து யார்டுத் தரையில் போட்டது. பாக்கியராஜ் யாரும் சொல்வதற்கு முன்பே மண்டியிட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி எறிந்தார். மேடைச் சூட்டில் கிடந்த இரும்பு கையைச் சுட்டது. கத்தரி கடித்த முனைகளும் நசுங்கித்தான் கிடந்தன, அதனால் கண்ணை நம்பாமல் ஒவ்வொரு குழாயாக எடுத்து அடிப்பக்கம் தடவினார். வழவழப்பு, தூக்கிப் போட்டார். வழவழப்பு, தூக்கிப் போட்டார். காலையில் எதைத் தொட்டுப் புல்லரித்ததோ, அதையே விரலுக்குக் காட்டு ஆண்டவரே என்று இப்போது அழுதுகொண்டே தேடினார். குவியல் குறைந்துகொண்டே வந்தது. அது இல்லையென்றால் உலைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நாலைந்து துண்டுதான் மிச்சம்.

நேராக ஒன்று. நேராக ஒன்று. சாய்வாக ஒன்று.

"கெடச்சுது," என்றார். தூக்கிக் காட்டினார்.

வெங்கடேசன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "கத்தரில வை," என்றான்.

அவரே கொண்டுபோய் வைத்தார். எந்த இடத்தைக் கவ்வக் கூடாது என்று காலையிலிருந்து தவித்தாரோ, சரியாக அந்த நடு இடத்தில் கத்தரி இறங்கியது. குழாய் முனகி நசுங்கி இரண்டாயிற்று. துண்டுகளின் வாயிலிருந்து துருப்பிடித்த தண்ணீர் கொட்டியது. ஒரு சொம்புத் தண்ணீராவது இருக்கும். எந்த மழையில் எந்த ஓட்டை வழியாக உள்ளே போனதோ. கருஞ்சிவப்பாக சிமென்ட் தரையில் ஓடி, சுற்றி நின்றவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, ராபினின் ஷூவைத் தொட்டு நின்றது.

அந்தத் தண்ணீர் என்ன செய்திருக்கும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ராபின் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "இதுக்கு மேல தான் சுண்ணாம்பு இருந்துச்சா மாமா?"

"மாப்ள..."

"இது உள்ள போயிருந்தா பெட்டில வெக்கக்கூட எங்கிட்ட ஒண்ணும் கெடச்சிருக்காது. வெறும் பெட்டிய மூடிப் பொதச்சிருப்பீங்க. இன்னாத்துக்கு மாமா? இந்தப் பைப்புல இன்னா கீது?"

பாக்கியராஜ் சொன்னார். கப்பலைச் சொன்னார், சலவைக்கூடத்து வாசலைச் சொன்னார், வெட்டைச் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்தவன் போடுகிற வெட்டு என்று சொல்லும்போது அவருக்கே நாக்கூசியது. ராபின் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"நான் ஜெனிகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இப்ப சொன்னீங்களே, அத்த அப்படியே சொல்லுங்க."

வெங்கடேசன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "பாக்கியம், கம்முனு இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்னு நெனைக்காம வாயத் தொறந்து சொன்ன பாரு, அதுக்கு உனக்கு ஒரு கும்புடு. ஒளிச்சு வெச்சதுக்கும் ஒரு கும்புடு. நாளைக்கு வராத நைனா. மாப்ளக்கு இதுல சம்பந்தமில்லன்னு நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன்." கொஞ்சம் நின்று சேர்த்துக்கொண்டான். "அந்த ரெண்டு துண்டும் வோணும்னா எடுத்துக்கினு போ. கேட்ல சொல்றேன்."

பாக்கியராஜ் துண்டுகளைப் பார்த்தார். நசுங்கிய இடத்தில் நீலம், வெள்ளை, அடியில் கருப்பு என்று பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. கத்தரி தப்பவிட்ட ஒரு சாய்ந்த வெட்டு ஓரத்தில் பிழைத்திருந்தது.

"வாணாம் சார்," என்றார். இரண்டையும் கொண்டுபோய்ப் பார்த்த குவியலில் போட்டார். "இப்ப வாய் தொறந்துகினு தான் கீது."

பழக்கதோஷம், கை தானாகச் சுண்ணாம்பு வாளிக்குப் போனது. விசிறினார்.

உலை மறுபடி உறுமத் தொடங்கியது. லோகு குவியலை மேடையில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பாக்கியராஜ் டிபன் பையை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தவர், ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மேடையில் ராபின் கொக்கியைக் கீழே வைத்துவிட்டிருந்தான். குவியலிலிருந்து ஒரு குழாயைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி, இந்த வாய் வழியாக ஒரு தரம், அந்த வாய் வழியாக ஒரு தரம் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் தள்ளினான். அடுத்ததையும் தூக்கிப் பார்த்தான். எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெளேரென்று மாமாவின் சுண்ணாம்பு இருந்தது.

கேட்டில் காவலாளி பையைத் துழாவினான். காலி டப்பாதான் இருந்தது. வெளியே வந்து சாலையோரம் நின்றபோதுதான் சட்டைப் பை மறுபடி அதிர்ந்தது. ராபினின் போன் இன்னும் அவரிடமே இருந்தது. இந்த முறை எடுத்தார்.

"அப்பா? எத்தினி வாட்டி அடிக்கறது? மீன்காரம்மா வந்து நின்னுகினு கீது, வாங்கட்டுமான்னு கேக்கத்தான் அடிச்சேன். நீ எடுக்கலன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரு நல்லா கீறாரா?"

"கீறாரும்மா."

"சாப்ட்டாரா?"

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடுவாரும்மா. முழுசா வந்துடுவாரு."

"இன்னாப்பா இது பேச்சு? நீ இன்னாத்துக்கு அழுவுற?"

கம்பெனி மதில் சுவரில் சாய்ந்து பாக்கியராஜ் தரையில் உட்கார்ந்தார். விரல் நுனிகள் வெந்து எரிந்தன. உள்ளே உலை ஓடுகிற சத்தம் சுவர் வழியாக முதுகில் தெரிந்தது.

"மீன்காரம்மாவ அனுப்பிட்டு வந்து ஒக்காரு ஜெனி," என்றார். "அப்பா இன்னிக்கு ஒண்ணு பண்ணிட்டேன். சொல்றேன், கேளு."